முதலில் விழுந்த முள்

என் முன்னால் அது ஒருபோதும் அணையாது.
வில்சன் கார்டன் பத்தாவது கிராஸில்
ஷட்டரைத் தூக்கிக் காத்திருப்பேன்.
ஷெனாய் மேடம் கொண்டுவந்து விட்டுப்போவார்.
இன்ஸ்பெக்‌ஷன் நாளின் நாலாம் வகுப்பு மாதிரி
எஞ்சின் அடக்கமாக ஓடிக்கொண்டிருக்கும்.
ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம்.
டீ ஆறி ஆடை படியும்.
ஸ்கேனரைச் செருகினால்
குற்றம் எதுவும் பதிவில்லை என்று வரும்.

தெருவில்தான் அதற்குச் சாகத் தெரியும்.
டெய்ரி சர்க்கிள் மேம்பாலத்தில்,
ஹெப்பாளில்,
கே.ஆர். புரம் தொங்குபாலத்தில் ஒருமுறை,
பின்னால் நாற்பது ஹாரன், அதில் ஒன்று ஆம்புலன்ஸ்.
நாலு பேர் தள்ளி ஓரம் கட்டியதும்
ஒரே சாவியில் கிளம்பும்,
ஒன்றும் நடக்காதது போல.

நான் மாற்றியவை:
பெட்ரோல் பம்ப். அதன் ரிலே. ஃபில்டர்.
காயில் நாலு.
காற்றை அளக்கும் சென்சார், அது
ஜே.சி. ரோட்டில், உடைத்த வண்டியில் இருந்து, பேரம் பேசி.
டர்போவையே கழற்றி விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தேன்.
இருபது வயசு வண்டியில் சந்தேகப்பட
இடத்துக்கா பஞ்சம்?
ஒவ்வொன்றையும் மாட்டியதும்
இனிமேல் நிற்காது மேடம் என்றேன்.
அந்த ஒரே வாக்கியத்தை
ஐந்து முறை விற்றிருக்கிறேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை.
நீல அட்டை நோட்டு ஒன்றை
முன் சீட்டில் வைத்துப்போனார்.
ஒவ்வொரு சாவும் தேதி போட்டு,
எத்தனாவது கியர், ஏ.சி. ஓடியதா, மழையா
எல்லாம் கன்னடத்தில்.
பிறந்தது முதல் பேசுகிற மொழிதான்.
வாசிப்பதென்றால் எழுத்தெழுத்தாக,
பஸ் போர்டு அளவுக்கு.
கூச்சம்.
மூன்று வாரம் அது திறக்கப்படவில்லை.

மழையில் கரண்ட் போன ஒரு சாயங்காலம்
மொபைல் வெளிச்சத்தில் பிரித்தேன்.
பதினோரு சாவுகள். ஏழாவதில்
ஓரமாக, அடிக்கோடிட்டு, மூன்று வார்த்தை.
உதட்டை அசைத்துக் கூட்டிப் படித்து
மறந்துவிடுமென்று சுவரில் சாக்பீஸால்
தமிழில் எழுதி வைத்தேன்:
முள்ளு மொதலு பித்து.

காலையில் வேலைக்கு வந்த இம்ரோஸ்
யாருக்கண்ணே பித்து? என்றான்.
பித்து இல்லடா, விழுந்தது.
முள் முதலில் விழுந்தது.
சொல்லிவிட்டு அப்படியே நின்றேன்,
கையில் பதினேழாம் நம்பர் ஸ்பேனரோடு.

எப்படி முதலில் விழும்?
மூன்றாம் கியரில் உருளும் வண்டியில்
பெட்ரோல் வராமல் போனாலும்
சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.
முள் மெல்ல இறங்கவேண்டும், வண்டியோடு.
அப்படியென்றால்
ஓடுகிற எஞ்சினை ஓடவில்லை என்று
யாரோ போய்ச் சொல்கிறார்கள்.
மேலே இருக்கிற பெட்டி நம்பி
நெருப்பை நிறுத்துகிறது.

கிராங்க் சென்சாரில் பழுதில்லை.
அதன் ஒயர், டர்போவின் முதுகுக்குப் பின்னால்,
இருபது வருஷ வெக்கையில் முறுக்கு மாதிரி வெந்து
நகம் பட்டதும் உதிர்ந்தது.
ஏற்றத்தில் மிதித்தால் எஞ்சின் ஒரு விரற்கடை சாயும்.
அப்போது செம்பு தகரத்தைத் தொடும்.
என் கடையின் சமதரையில்
அது எதற்காகச் சாயவேண்டும்?

இரண்டு முழம் ஒயர், வெப்பம் தாங்கும் உறை,
இறுக்கிக் கட்ட இரண்டு டேக்.
நூற்று அறுபது ரூபாய்.
கழற்றிய பம்ப், காயில் எல்லாவற்றையும்
ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தேன்.
வாங்கிய காசில் பாதியைத் திருப்பினேன்.
பாதிதான்.

நேற்று ஆயில் மாற்ற வந்திருந்தார்.
நோட்டைப் புரட்டினேன், இப்போது கொஞ்சம் வேகமாக.
இருபத்திரண்டு நாளாகத்
தினமும் ஒரே வார்த்தை: நில்லலில்ல.
நிற்கவில்லை. நிற்கவில்லை.
எத்தனை நிற்கவில்லை சேர்ந்தால்
சரியாகிவிட்டது என்று பொருள்?
இனிமேல் நிற்காது என்பது
தொண்டை வரை வந்தது.
இன்றைக்கும் எழுதுங்க மேடம் என்றேன்.